மருந்துக்கு முன் அபயம்

தமிழில் அறநூல்களுக்கு மருந்தின் பெயரை இட்டு வழங்கியவர்கள் நம் முன்னோர். கணிமேதாவியார் தம் நூலை ஏலாதி என்றார். காரியாசான் தம் நூலைச் சிறுபஞ்சமூலம் என்றார். ஏலம் முதலான ஆறு பொருள்கள் சேர்ந்தது ஒரு சூரணம். ஐந்து வேர்கள் சேர்ந்தது மற்றொரு மருந்து. இருவரும் சமணச் சான்றோர். உடலின் நோய்க்கு மருந்து எவ்வாறோ, உயிரின் நோய்க்கு அறம் அவ்வாறு என்பது அவர்தம் துணிபு. இல்லறத்தார் செய்யத்தக்க தானங்களை உணவு, மருந்து, கல்வி, அபயம் என நான்காக வகுத்தபோதும் மருந்துக்கு அங்கே இடம் தந்தனர்.

இந்நாளில் அம்மருந்துதானம் புதியதொரு வடிவில் நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. புற்றுநோய் கண்ட ஒருவரிடம், “புதிய மருத்துவம் ஒன்றைச் சோதித்து வருகிறோம், அதில் சேர விரும்புகிறீர்களா?” என்று மருத்துவர் கேட்கிறார். மருந்தைப் பெறுபவர் நோயாளி. அம்மருந்தைப் பற்றிய அறிவைத் தம் உடலின் வழியே பிறர்க்கு வழங்குபவரும் அவரே. கொள்பவரே கொடுப்பவராகவும் ஆகிறார். இஃது அறமாகுமா? ஓர் உயிரைப் பிற உயிர்களின் பொருட்டுச் சோதனைக்கு உட்படுத்துவது கொல்லாமை நெறிக்கு ஒக்குமா? ஒக்கும் எனின், எந்த வரம்புக்குள் ஒக்கும்? இவ்வினாக்களை நம் குடும்பங்கள் அமைதியாக இருக்கும் காலத்திலேயே எண்ணிப் பார்ப்பது நலம். நோய் வந்த பின் எண்ணுவதற்கு நேரமும் இராது. நெஞ்சில் உரமும் இராது.

சோதனை என்பது யாது?

அணைக்கட்டில் வாழும் நமக்கு மருத்துவமனை என்றால் வேலூர்தான். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் தம் தந்தையாரின் இல்லத்தில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய சிறு மருந்தகம், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக விரிந்து, இன்று கிறித்துவ மருத்துவக் கல்லூரி என்னும் பெருநிலையமாக நிற்கிறது. அங்கே எலும்பு மச்சை மாற்று சிகிச்சை 1986-லேயே தொடங்கிற்று. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் நாட்கணக்கில் இரயிலில் வருகின்றனர். நமக்கோ ஒரு பேருந்துப் பயணம். இத்தகைய கல்லூரி மருத்துவமனைகள் நோயைத் தீர்ப்பதோடு நிற்பதில்லை. தீர்க்கும் வழியைத் தேடவும் செய்கின்றன. அத்தேடலின் பெயரே மருத்துவச் சோதனை.

புதிய மருந்து ஒன்று முதலில் ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிடத்தும் சோதிக்கப்படுகிறது. பின்னர் மனிதரிடம் மூன்று கட்டங்களாக வருகிறது. முதற்கட்டத்தில் சிலருக்கு மட்டும் கொடுத்து, எவ்வளவு கொடுத்தால் உடல் தாங்கும் என்று பார்ப்பர். இரண்டாம் கட்டத்தில் நோய் குறைகிறதா என்று பார்ப்பர். மூன்றாம் கட்டத்தில் பலரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்குப் புதிய மருந்தும் மற்றொரு பகுதியினருக்கு வழக்கமான மருந்தும் கொடுத்து ஒப்பிடுவர். யாருக்கு எது என்பதை நோயாளியும் முடிவு செய்வதில்லை, மருத்துவரும் முடிவு செய்வதில்லை. குலுக்கல் போன்ற ஒரு முறை முடிவு செய்கிறது.

இங்கு ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். முதற்கட்டச் சோதனையின் நோக்கம் அந்நோயாளியைக் குணப்படுத்துவதன்று. மருந்தின் அளவை அறிவது. குணம் கிட்டினும் கிட்டலாம். ஆனால் அது வாக்குறுதி ஆகாது. “பெரிய ஆஸ்பத்திரியில் புது மருந்து கொடுக்கிறார்கள், பிழைத்துக்கொள்வார்” என்று உறவினர் பேசிக்கொள்ளும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

பாஷாணம் மருந்தான வரலாறு

வேலூரில் நிகழ்ந்த ஒரு செய்தியையே சான்றாகக் கொள்வோம். இரத்தப் புற்றுநோய்களுள் அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்பது ஒன்று. இந்நோயில் இரத்தம் உறையும் தன்மை கெட்டு, மூளையிலும் நுரையீரலிலும் குருதி கசியும். ஒரு காலத்தில் நோய் அறியப்பட்ட சில நாட்களில் அல்லது சில வாரங்களில் உயிர் பிரிந்துவிடும். 1980-களில் சீனாவின் ஷாங்காய் நகர மருத்துவர்கள் வைட்டமின் ஏ-யிலிருந்து பெற்ற ஒரு மருந்தால் இதனைக் கட்டுப்படுத்தினர். அதற்கு முன்பே, 1970-களில், அந்நாட்டின் ஹார்பின் நகரில் வேறொரு பொருளைக் கையாண்டிருந்தனர். அப்பொருள் ஆர்செனிக் டிரையாக்சைடு. நம் சித்த வைத்தியர் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது அதுவே.

இந்தியாவில் 1990-களின் இறுதியில் வைட்டமின் மருந்தோடு கீமோதெரபியும் சேர்த்துச் செய்யும் வழக்கமான சிகிச்சையின் செலவை ஏழைக் குடும்பங்கள் தாங்க இயலவில்லை. அந்நிலையில் வேலூர் மருத்துவர்கள் பாஷாணத்தை மட்டுமே முதல் மருந்தாகக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வை 1998-இல் தொடங்கினர். 2004 இறுதிவரை புதிதாக நோய் கண்ட 72 பேர் அதில் சேர்ந்தனர். 2006-இல் முடிவு வெளியாயிற்று. 72 பேரில் 62 பேருக்கு நோய் முற்றும் அடங்கிற்று. 2010-இல் வெளிவந்த தொடர் ஆய்வில், ஐந்தாண்டு கழித்தும் உயிருடன் இருப்போர் நூற்றுக்கு 74 பேர் என்று மதிப்பிடப்பட்டது. பின்னர் ஐரோப்பிய மருத்துவர்கள் பாஷாணத்தையும் வைட்டமின் மருந்தையும் சேர்த்துக் கொடுத்து ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கீமோதெரபி இல்லாமலேயே இந்நோயை வெல்லலாம் என்பது உறுதிப்பட்டது. மிகக் கொடியது எனப்பட்ட இரத்தப் புற்று, இன்று மிக எளிதில் தீர்க்கத்தக்கவற்றுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

நஞ்சே மருந்தானது கண்டு மகிழ்கிறோம். ஆனால் அறம் பேசுவோர் அந்த 62 பேரை மட்டும் எண்ணி நிற்கலாகாது. எஞ்சிய பத்துப் பேரையும் எண்ண வேண்டும். அவர்களும் அதே நம்பிக்கையோடு கையொப்பம் இட்டவர்களே. அவர்களிடமிருந்து கற்றதும் அந்த அறிவில் சேர்ந்திருக்கிறது. இன்று அந்நோயிலிருந்து எழுந்து நடமாடும் ஓர் இளைஞன், தான் கண்டறியாத பத்துப் பேருக்குக் கடன்பட்டிருக்கிறான். பெற்றவர் யார் எனக் கொடுத்தவர் அறியார். கொடுத்தவர் யார் எனப் பெற்றவர் அறியார். தானங்களில் இது மிக உயர்ந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. அறிந்து, விரும்பிக் கொடுத்தால்தான் அது தானம். அறியாமல் கொடுத்தால் அது இழப்பு. அஞ்சிக் கொடுத்தால் அது பறிப்பு.

அறியாமையை ஒப்புக்கொள்ளும் அறம்

மூன்றாம் கட்டச் சோதனையில் குலுக்கல் முறை என்றோம். இதைக் கேட்டதும் பலர் மனம் கசக்கிறது. “என் மகளுக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கியா முடிவு செய்வது?” என்கின்றனர். நியாயமான கேள்விதான். விடை இதுவே: இரண்டு மருந்துகளில் எது சிறந்தது என்பது உண்மையிலேயே எவர்க்கும் தெரியாதபோது மட்டும் குலுக்கல் அறமாகும். ஒன்று சிறந்தது எனத் தெரிந்த பின்னும் குலுக்கினால் அது கொடுமை.

அநேகாந்தம் பயின்ற நமக்கு இது புதிதன்று. ஒரு பொருளைப் பற்றி நாம் அறிந்தது ஒரு பக்கமே என்று ஒப்புக்கொள்வது நம் சமயத்தின் பணிவு. தாம் அறியாததை அறியேன் என்று சொல்லும் மருத்துவர் அப்பணிவையே மேற்கொள்கிறார். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சையை வரையறுக்கும்போது, உயிருக்கு ஊறு நேர்வதை மட்டும் கூறி நிறுத்தவில்லை. பிரமாதம், அதாவது விழிப்பின்மை, அதற்குக் காரணமாதலையும் சேர்த்தார். விழிப்போடும் கருணையோடும் செயற்படும் மருத்துவர் கையில் ஊறு நேரினும் அதன் தன்மை வேறு. விழிப்பில்லாமல் செய்தால், ஊறு நேராவிடினும் குற்றம் உண்டு. சோதனைக்கு விதித்துள்ள சட்டங்கள் எல்லாம் இந்தப் பிரமாதத்தைத் தடுக்க இட்ட வேலிகளே.

வேலிக்குள்ளும் ஐயம் எழுவது உண்டு. நம் மாநிலத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில், 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றை முன்கூட்டியே கண்டறியும் எளிய சோதனை நிகழ்ந்தது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் மாறுகிறதா என்று கண்ணால் பார்ப்பதே அது. ஒரு பகுதி ஊர்களில் 49,311 பெண்கள் இதற்கென வரையறுக்கப்பட்டனர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஊர்களில் 30,958 பெண்கள் வழக்கமான நிலையிலேயே விடப்பட்டனர். 2007-இல் முடிவு வெளிவந்தது. சோதனை நடந்த ஊர்களில் அப்புற்றால் நேரும் மரணம் நூற்றுக்கு 35 பங்கு குறைந்திருந்தது. செலவு குறைந்த முறை ஒன்று பல நாட்டுப் பெண்களுக்குப் பயன்படும் என்று இதனால் தெரிந்தது.

ஆனால் அந்த ஒப்பீட்டு ஊர்களின் பெண்கள்? இத்தகைய ஆய்வுகளைக் குறித்து மருத்துவ அறம் பேசுவோரிடையே பின்னர்க் கடும் வாதம் எழுந்தது. அவ்வூர்களில் அதற்கு முன்னும் எச்சோதனையும் இல்லை. எனவே எவரிடமிருந்தும் எதுவும் பறிக்கப்படவில்லை என்றனர் ஒரு சாரார். கைக்கு எட்டிய உதவியைக் கொடாமல் பார்த்திருப்பதும் ஊறே என்றனர் மற்றொரு சாரார். நாம் இருதரப்பையும் சீர்தூக்கிப் பார்க்கிறோம். கிராமத்துப் பெண்ணின் அன்றாட நிலையே கைவிடப்பட்ட நிலையாக இருக்கும்போது, அந்நிலையை அளவுகோலாகக் கொள்வது மனத்தை உறுத்துகிறது. இல்லாமையை நாம் உண்டாக்கவில்லை என்பது உண்மையாகலாம். அந்த இல்லாமையின் மீது நின்று அறிவைச் சேர்த்தோம் என்பதும் உண்மை. அறிவு கிடைத்தவுடன் அந்த ஊர்களுக்கே அதனை முதலில் கொண்டு செல்வது, இத்தகைய ஆய்வை நடத்துவோர்க்கு விருப்பமாக இருந்தால் போதாது. கடனாக இருத்தல் வேண்டும்.

கையொப்பம் யாருடையது?

ஆசிரியப் பயிற்சி பெற்று ஆயுள் முழுதும் பள்ளியில் உழைத்த நமக்கு ஒரு செய்தி ஆறாத வருத்தம் தருகிறது. 2009-இல் ஆந்திரப் பிரதேசமாக அன்று இருந்த மாநிலத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் ஊசியைச் சிறுமியருக்குப் போடும் திட்ட ஆய்வு ஒன்று நடந்தது. அவர்களுள் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியர். பெற்றோர் இட வேண்டிய ஒப்புதல் கையொப்பத்தைப் பல படிவங்களில் விடுதிக் காப்பாளரும் தலைமையாசிரியரும் இட்டிருந்தனர். 2010 ஏப்ரலில் அரசு அத்திட்டத்தை நிறுத்திற்று. அக்காலத்தில் நேர்ந்த சில மரணங்களுக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்றே விசாரணைக் குழு கூறிற்று. அவ்வூசி நல்லதே, பல நாடுகளில் பெண்களைக் காத்து வருகிறது. ஆனால் ஒப்புதல் பெற்ற முறை தவறு என்பதை 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் கண்டித்தது.

தலைமையாசிரியர் கையொப்பம் இட்டால் சிற்றூரில் அதனை எவரும் மறுத்துப் பேசார். அந்த மதிப்பு, பிள்ளைகளைக் காக்கும்பொருட்டு ஊரார் நம்மிடம் ஒப்படைத்த பொருள். அதனைப் பெற்றோரின் வாயை அடைக்கப் பயன்படுத்தினால், நல்ல மருந்தும் அறத்தின் பக்கம் நிற்காது. மேலோர் சொல்லுக்கு எளியோர் தலையசைப்பதை ஒப்புதல் என்று கொள்வது நம் நாட்டின் பழைய நோய்.

மூன்றாண்டுகளுக்கு முன் நம் ஊரைச் சேர்ந்த ஓர் அம்மையார் தம் மகனுடன் நம் இல்லத்திற்கு வந்தார். மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்று வந்தவர். மருத்துவமனையில் கொடுத்த ஒப்புதல் படிவம் பல பக்கங்கள் கொண்டது, தமிழில்தான் இருந்தது. மகன் படித்துச் சொல்லியும் விளங்கவில்லை என்று நம்மிடம் கொண்டுவந்தனர். பக்கம் பக்கமாகப் படித்து விளக்கினோம். பக்கவிளைவுகளைக் கேட்டபோது அவர் முகம் மாறவில்லை. இறுதியில் ஒன்றே ஒன்று கேட்டார்: “டீச்சரம்மா, நான் வேண்டாம்னு சொன்னா டாக்டர் கோவிச்சுக்குவாரா? அப்புறம் என்னைப் பார்க்க மாட்டாரா?”

அத்தனை பக்கங்களில் இருந்த செய்திகள் அனைத்தையும்விட அவருக்கு அந்த ஒரு விடைதான் வேண்டியிருந்தது. அவ்விடை படிவத்திலேயே இருந்தது. சேராவிட்டாலும், சேர்ந்த பின் எந்நாளில் விலகினாலும், வழக்கமான சிகிச்சைக்குக் குறைவு வராது என்று எழுதியிருந்தது. அதனை நாம் இருமுறை படித்துக் காட்டினோம். ஆனாலும் எழுத்தை நம்பாமல், மருத்துவர் வாயிலிருந்தே கேட்டு வருமாறு சொல்லி அனுப்பினோம். அடுத்த வாரம் வந்து, “கேட்டேன். அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, உங்க இஷ்டம்னு சொன்னாரு” என்றார். அதன் பின்னரே கையொப்பம் இட்டார்.

வேண்டாம் என்று சொல்ல அஞ்சாதபோதுதான் அவருடைய ‘சரி’ என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டாயிற்று. நான்கு தானங்களுள் அபயம் ஏன் வைக்கப்பட்டது என்பதை அன்று புதிதாக உணர்ந்தோம். அபயம் என்பது கொலையிலிருந்து காத்தல் மட்டுமன்று. எளியவர் மறுத்துப் பேச இடம் கொடுத்தலும் அபயமே. நோயாளிக்கு மருத்துவமனை முதலில் இந்த அபயத்தைக் கொடுத்தல் வேண்டும். பிறகே நோயாளி தம் உடலால் செய்யும் தானத்தைப் பெறும் தகுதி அதற்கு உண்டாகும்.

சட்டமும் இந்நாளில் இதற்குத் துணை நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் நாஜி மருத்துவர்கள் சிறைப்பட்டோர் மீது செய்த கொடுமைகளை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம், 1947-இல், மனிதரின் தன்விருப்பமான ஒப்புதல் இன்றியமையாதது என்று விதித்தது. நம் நாட்டில் 2019-இல் வெளிவந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி, ஒவ்வொரு சோதனைக்கும் அறநெறிக் குழுவின் இசைவு வேண்டும். அக்குழுவில் மருத்துவரல்லாத பொதுமக்களுள் ஒருவர், ஒரு பெண், சட்டம் அறிந்த ஒருவர் இருத்தல் வேண்டும். படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் தரும்போது, சார்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். சோதனையால் ஊறு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தரப்பட வேண்டும். மேலும், 2009 முதல் நாட்டின் மருத்துவச் சோதனைகள் மத்தியப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். அதனை யாரும் பார்க்கலாம்.

எளியோர் எழுப்பும் வினா

வறுமையும் ஒருவகை அச்சமே. மருந்து நிறுவனங்கள் நடத்தும் சோதனைகளில் புதிய மருந்து பெரும்பாலும் விலையின்றிக் கிடைக்கிறது. வேறு வழியில் வாங்க இயலாதவர் அதனாலேயே சேர்கிறார். அவர் விருப்பத்தால் சேர்ந்தாரா, இல்லாமையால் சேர்ந்தாரா? இரண்டும் கலந்திருக்கும் என்பதே உண்மை. அதற்காக ஏழையைச் சோதனைகளிலிருந்து விலக்கி வைப்பதும் அறமாகாது. அவருக்கு இருக்கும் ஒரு வாய்ப்பையும் அது மூடிவிடும்.

சோதனையில் எந்த வினாவைக் கேட்பது என்பதில் ஏழைக்குப் பங்கு இருந்தால் இந்தச் சிக்கல் ஓரளவு குறையும். வேலூரின் பாஷாண ஆய்வு, செலவைத் தாங்காதவர்க்கு என்ன வழி என்ற வினாவிலிருந்து பிறந்தது. மும்பையின் டாடா மெமோரியல் மருத்துவமனை அத்தகைய மற்றொரு வினாவை எழுப்பிற்று. நிவோலுமாப் என்பது உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றைத் தாக்கச் செய்யும் மருந்து. விலை மிகுதி. வழக்கமாக ஒருமுறைக்கு 240 மில்லிகிராம் செலுத்துவர். வெறும் 20 மில்லிகிராம் போதாதா என்று மும்பை மருத்துவர்கள் கேட்டனர். வாய், தொண்டை முதலிய இடங்களில் முற்றிய புற்றுடைய 151 பேரிடம் சோதித்தனர். குறைந்த செலவிலான மாத்திரைகள் மட்டும் பெற்றவருள் ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தவர் நூற்றுக்கு 16 பேர் என்றால், அவற்றோடு அச்சிறு அளவையும் சேர்த்துப் பெற்றவருள் 43 பேர். மருந்தை விற்பவர்க்கு இவ்வினா தோன்றுவது அரிது. புகையிலை மென்று வாய்ப்புற்று வந்த தொழிலாளியின் கட்டிலருகே நிற்பவர்க்கே தோன்றும்.

நோயாளியின் இரத்தத்திலிருந்தே டி அணுக்களை எடுத்து, புற்றை அடையாளம் காணுமாறு மாற்றி, மீண்டும் உடலில் செலுத்தும் கார்-டி சிகிச்சையும் இவ்வகையில் சேரும். அமெரிக்காவில் அதன் விலை கோடிகளில் நிற்கிறது. மும்பையில் உருவான இத்தகைய சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அரசு அனுமதி கிடைத்தது. வேலூரிலும் மருத்துவமனைக்குள்ளேயே அவ்வணுக்களை உருவாக்கிச் சோதித்துள்ளனர். விலை குறைந்தபோதும் இன்னும் பல இலட்சம் ஆகிறது. ஏழைகளின் உடலால் அறிந்த மருந்து ஏழைகளுக்கு எட்டாத விலையில் விற்கப்படுமானால், தானம் வணிகமாகத் திரிந்துவிடும்.

ஒப்புதல் கேட்கப்படாத சோதனை

இத்தனை படிவங்களைப் பற்றிப் பேசும்போது, நம் பகுதியைப் பற்றிய ஓர் எண்ணம் எழுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எங்கும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள். பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்பும் கழிவும் ஏறிக் கெட்டதை நாம் அறிவோம். இராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலையின் கழிவு மலைபோல் பல்லாண்டுகள் கிடந்தது. தோல் பதனிட இடும் குரோமிய உப்பு ஒருவகை. அக்கழிவில் உள்ள ஆறு இணைதிறக் குரோமியம் வேறுவகை. அது மூச்சின் வழியே சென்றால் நுரையீரல் புற்றை உண்டாக்கவல்லது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஊறு நேரும் என்று முழுதும் மெய்ப்பிக்கப்படும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையாகத் தடுக்க வேண்டும் என்ற நெறியை நம் சட்டத்தில் நிலைநாட்டிற்று.

மருத்துவமனையில் ஒரு சொட்டு மருந்து ஏற்றுவதற்கு முன் கையொப்பம் கேட்கின்றனர், குழு கூடுகிறது, பதிவேட்டில் எழுதுகின்றனர். கழிவு கலந்த நீரைக் குடித்தவரிடம் எந்தப் படிவமும் நீட்டப்படவில்லை. அவர் உடலில் என்ன நேர்ந்தது என்று எழுதி வைக்க ஏடும் இல்லை. மனிதர் மீதான சோதனை தவறு என்று கோபிப்போர், ஒப்புதலின்றி ஊர் முழுதும் நடந்த இச்சோதனையையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

வாயில்லா உயிர்கள்

ஒப்புதல் தரவே இயலாத உயிர்களையும் நாம் மறக்கலாகாது. மருந்து மனிதரிடம் வருமுன் எலியும் முயலும் நாயும் வருந்துகின்றன. நம் மருந்துப் பெட்டியில் உள்ள எதுவும் இத்துன்பத்திலிருந்து முற்றும் விடுபட்டதன்று. மாத்திரை உறைகூடப் பெரும்பாலும் விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுத்த ஜெலட்டினால் ஆனது. இதனைக் காரணமாக்கி, நோயுற்ற குழந்தைக்கு மருந்தை மறுப்பது பெற்றோர்க்கு அறமன்று. ஆனால் மனம் கூசாமல் உண்பதும் நமக்கு அழகன்று. 2023 மார்ச்சில் நம் அரசு சோதனை விதிகளைத் திருத்தி, விலங்குக்கு மாற்றாக மனித அணுக்களைக் கொண்டும் கணினி கொண்டும் செய்யும் ஆய்வுமுறைகளுக்கு இடமளித்துள்ளது. இம்முறைகளை வளர்க்கும் ஆராய்ச்சிக்கு நம் சமூகத்தார் பொருளுதவி செய்வாராயின், அபயதானத்துக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

தீராத நோய் எது?

இறுதியாக, மிகக் கடினமான வினா. எதுவரை போராடுவது? இரத்தினகரண்டக சிராவகாசாரமும் அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும், விலக்கவொண்ணா இடையூறும், முதுமையும், தீர்க்கவியலாத நோயும் வந்துற்ற காலத்தில் சல்லேகனையை விதித்துள்ளன. 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் அதனைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதித் தடுத்ததும், அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் நம் குடும்பங்கள் அறிந்தவை.

தீர்க்கவியலாத நோய் என்று ஆசாரியர் கூறியதில் நுட்பம் உண்டு. எது தீராதது என்பது காலந்தோறும் மாறுகிறது. முன் கூறிய இரத்தப் புற்று 1970-இல் தீராதது, இன்று தீர்வது. ஆதலின் மருத்துவம் உள்ள நோயைத் தீராதது என்று முன்கூட்டியே கைவிடுவது நெறியன்று. அவ்வாறே, ஒரு சோதனை எங்கோ நடக்கிறது என்ற ஒன்றையே பற்றிக்கொண்டு, வீட்டை விற்று, தளர்ந்த முதியவரை ஊர் ஊராக இழுத்துச் செல்வதும் நெறியன்று. “இனிப் போதும், என்னை அமைதியாக விடுங்கள்” என்று பெரியவர் சொன்னால், அதுவும் அபயம் கேட்கும் குரலே. சோதனையில் சேர்வோர்க்கு உள்ள உரிமை, சேராமல் அமைதி நாடுவோர்க்கும் உண்டு. அவர்க்கு வலி நீக்கும் மருத்துவமும் உடனிருப்போர் அன்பும் குறையாமல் கிடைத்தல் வேண்டும்.

நம் கடமை

திருக்குறள் மருந்து அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து துணைசெய்பவரையும் சேர்த்து மருத்துவத்தை நான்கு கூறாக்கினார் வள்ளுவர். நாம் பெரும்பாலும் இருப்பது அந்நான்காம் இடத்தில்தான். அவ்விடத்தில் நிற்பவர் சில வினாக்களைக் கேட்க அஞ்சலாகாது. இது எந்தக் கட்டச் சோதனை? இதனால் நோயாளிக்கு நன்மை எதிர்பார்க்கிறீர்களா, பிறர்க்கா? சேராவிடில் என்ன சிகிச்சை கிடைக்கும்? ஊறு நேர்ந்தால் யார் பொறுப்பு? நடுவில் விலகலாமா? சோதனை முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? படிவத்தை வீட்டுக்குக் கொண்டுசென்று இரண்டு நாள் எண்ணிப் பார்க்கலாமா?

நம் சமூகத்தில் கற்ற பெண்கள் பலர் இருக்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் குறைவில்லை. அண்டையில் எவரேனும் இத்தகைய படிவத்தோடு திகைத்து நின்றால், அருகமர்ந்து படித்துச் சொல்வோம். எந்த முடிவையும் நாம் திணிக்காமல், அவர் தாமே முடிவு செய்யும் துணிவைத் தருவோம். அதில் கல்விதானமும் உண்டு, அபயதானமும் உண்டு. அதன் பின் அவர் தம் உடலால் பிறர்க்கு உதவ முன்வந்தால், அந்த மருந்துதானத்தை இரு கைகூப்பி வணங்குவோம்.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!